பன்னிரண்டு தலைகள்

"முகாம்ல என்னைக் கண்ணு, பட்டு, தங்கம்னு எதுவும் கூப்பிடக் கூடாது. சத்தியம் பண்ணு," என்றாள் என் மகள், பேருந்தில் ஏறுவதற்கு முன்பே.

"அப்புறம் எப்படிடி கூப்பிடறது?"

"கூப்பிடவே வேணாம்."

துணைக்கு ஒரு பெற்றோர் வேண்டும் என்று வகுப்பாசிரியை கேட்டபோது முதலில் கை தூக்கியது நான்தான். மகளுக்குப் பத்து வயது. ஏற்றம் ஏறினால் மூச்சு இழுக்கும். அவளுடைய இன்ஹேலர் என் இடுப்புப் பையில் இருந்தது. பத்தடிக்கு ஒரு முறை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "நீ போகலைன்னா அவளுக்கு ஒண்ணும் ஆகாது. உனக்குத்தான் ஏதாவது ஆயிடும்," என்று சொல்லித்தான் கணவர் வழியனுப்பியிருந்தார்.

முகாம் பயிற்சியாளரின் கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கியதால் பிள்ளைகளுக்கு அவர் விசில் சார். காட்டுக்குள் நுழையுமுன் ஒரே விஷயத்தை மூன்று முறை சொன்னார்.

"வழி தப்பினா நடக்கக் கூடாது. பக்கத்துல இருக்கற மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். தேடி வர்றது எங்க வேலை."

"எறும்பு கடிச்சா சார்?" என்றது ஒரு வாண்டு.

"வேற மரத்தைப் பிடி."

அவர் முதல் குழுவோடு முன்னால் போய்விட்டார். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். முன்னால் ஆசிரியை, கடைசியில் நான். தலை எண்ணும் பொறுப்பும் என்னுடையது. மருத்துவமனை மருந்தகத்தில் பதினான்கு வருடமாக மாத்திரை எண்ணுகிறவள், ஒன்று கூடியதில்லை, குறைந்ததில்லை என்று நானே பெருமையாகச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டது.

ஓடையைத் தாண்டியதும் பன்னிரண்டு. முதல் திடலில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தபோதும் பன்னிரண்டு. இரண்டாவது திடலில் மறுபடி எண்ணினேன். "பன்னிரண்டு. சரியா இருக்கு டீச்சர்."

"சரியா இல்லை," என்றாள் என் மகள். "நீ என்னைத்தான் ஒண்ணுன்னு ஆரம்பிச்சே. சுத்தி வந்து என்னையே பன்னிரண்டுன்னு முடிச்சே."

முதல் திடலிலும் அவளிடமிருந்துதான் ஆரம்பித்திருந்தேன். அதன் பிறகு அரை மணி நேரம் நடந்திருக்கிறோம்.

"பென்சிலைக் காணோம்!" என்று யாரோ கத்தினார்கள். மூன்று வாரத்துக்கு முன் வகுப்பில் சேர்ந்த ஒல்லிப் பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பென்சில். ஜோடி ஜோடியாக நடந்த வரிசையில் அவளுக்கு இன்னும் ஜோடி சேராததால் யாரும் தேடவில்லை. ஓடைக்கு இப்பால் மகளின் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் வரிசையின் நடுவுக்கு ஓடினேனே, அப்போது அந்தப் பெண் ஷூ கயிறு கட்டக் குனிந்திருந்தாள். கடைசியில் நடக்க வேண்டியவள் நான்.

"விசில் சாருக்குப் போன் போகலை. சிக்னலே இல்லை," என்றார் ஆசிரியை. "நான் இவங்களை விட்டு வர முடியாது."

"நான் போறேன்."

கிளம்பிவிட்டு நின்றேன். மகளின் தோள்கள் லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பை என் இடுப்பில். கழற்றவும் மனமில்லை, கொண்டுபோகவும் மனமில்லை.

"குடும்மா. ரெண்டு பஃப், நடுவுல ஒரு நிமிஷம். நீதானே ஆயிரம் வாட்டி சொல்லியிருக்கே?"

கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் போக மாட்டேன் என்று தெரியும், ஓடினேன்.

"பென்சில்! பென்சில்!" என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. முதல் திடலில் யாருமில்லை. ஓடைச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் இன்னும் வேகமாக ஓடினேன். தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆனால் அவளுக்குத் தொடை வரை வருமே.

பாதையை ஒட்டி ஒரு மெல்லிய மரம். அதைவிட மெல்லிய இரண்டு கைகள் அதைச் சுற்றிக் கோத்திருந்தன. கன்னத்தில் மரப்பட்டையின் தடம். அழுது முடித்த முகம்.

"ஆன்ட்டி, இப்ப மரத்தை விடலாமா?"

"விடலாம்டா கண்ணு."

விடவில்லை. விரல்கள் மரத்துப் போயிருந்தன. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

"எறும்பு கடிச்சுது. மாறலாம்னு நினைச்சேன். நீங்க வர்றப்போ இந்த மரத்துல இல்லைன்னா?"

அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஏற ஏற மகளின் மூச்சை நினைத்து நடையை எட்டிப் போட்டேன்.

மகள் ஒரு பாறையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "ஒரு தடவைதான் எடுத்தா. தானாவே எடுத்துக்கிட்டா," என்றார் ஆசிரியை. என் கை தன்னையறியாமல் நீண்டது. மகள் இன்ஹேலரைத் தன் சட்டைப் பையில் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டாள். நான் கையை மடக்கிக்கொண்டேன்.

"நான் எண்ணப் போறதில்லை," என்றேன். "வரிசையா நின்னு அவங்கவங்க நம்பரைச் சொல்லுங்க. பென்சில், நீ ஒண்ணு."

"ஒண்ணு!" அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய குரலா!

இரண்டு, மூன்று, நான்கு. தரையைப் பார்த்தபடி நின்றேன். ஏழாவதாக வந்த குரலில் கொஞ்சம் இழுப்பு இருந்தது. தலை நிமிரத் துடித்தது. எட்டுக்காகக் காத்திருந்தேன்.