டயருக்குச் சட்டை

தலையணைக்கும் மெத்தைக்கும், ஒருமுறை கிடாருக்கும்கூட உறை தைத்திருக்கிறாள் தையல்காரி. கார் டயருக்கு உறை வேண்டுமென்று அதுவரை யாரும் வந்து நின்றதில்லை. வந்தவர் அதே கட்டடத்தில் மாடியில் குடியிருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கனமான கறுப்புத் துணியில், பொட்டு வெளிச்சம் புகாமல், நாலு உறை வேண்டும் என்றார்.

"டயருக்குச் சட்டையா சார்? எதுக்கு?"

"வெளிச்சம் பட்டா ரப்பர் செத்துடும்மா."

அளவை அவரே சொல்லியிருப்பார். அவளுக்குத்தான் நேரில் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

சாமான் அறையின் ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார். தரையில் படாமல் பலகை மேல் நாலு டயர்கள் நின்றன, குளிர்காலப் பனியில் வழுக்காமலிருக்க மாற்றிப் போடுகிறவை. கழுவித் துடைத்திருந்தார், பள்ளங்களில் ஒரு பொடிக்கல் கிடையாது. எது முன்சக்கரம், எது பின்சக்கரம் என்று சாக்குக்கட்டியால் எழுதியிருந்தது. ஒரே இடத்தில் பாரம் விழக்கூடாது என்று அவ்வப்போது உருட்டி வைப்பாராம். ஃபிரிட்ஜ் மட்டும் படுக்கையறையில், கட்டிலை ஒட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"மோட்டார் ஓடுற இடத்துல ரப்பர் சீக்கிரம் வெடிப்பு விட்டுடும். அதான் அதை அங்க மாத்திட்டேன்."

"தூக்கம் வருதா சார்?"

"பழகிக்கணும்."

எல்லாம் சரி, கார்? கடையை இந்தக் கட்டடத்துக்கு மாற்றிவந்த நாளிலிருந்து அவர் தினமும் பஸ்ஸுக்கு ஓடுவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். கேட்கலாமா கூடாதா என்று நினைக்கும்போதே வாய் கேட்டுவிட்டது.

"வீட்டுக்காரி எடுத்துட்டுப் போயிட்டா, கோடையில," என்றார், டயரைப் பார்த்தபடி. "குளிர் ஆரம்பிச்சா இதுக்கு வந்துதானே ஆகணும்."

டேப் நழுவியது. அவள் மறுபடி அளந்தாள்.

துணியை இரட்டையாக மடித்துத் தைத்தாள். "பாக்கெட் வெச்சியா?" என்று அவள் புருஷன் கேலி செய்தபோது சிரிப்பு வரவில்லை. உறைகளைக் கொடுத்த பிறகும் விஷயம் அவளை விடவில்லை. தெருவில் எந்தக் கார் நின்றாலும் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

குளிர் இறங்கிய ஒரு காலை, கோணலாக உட்கார்ந்த மூக்குக்கண்ணாடியோடு ஒரு பெண் கடைக்குள் வந்தாள்.

"மாடியில இருக்கறவர் வீட்ல இருக்காரா? அவர் கடை பூட்டியிருக்கு."

தையல்காரியின் கண் வாசலில் நின்ற காரின் சக்கரங்களுக்குப் போனது. குளிர்கால டயருக்கே உரிய ஆழமான பள்ளங்கள். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள்கூட இன்னும் தேயவில்லை.

"இருக்காரு. டயர் எடுக்கவா வந்தீங்க?"

"எந்த டயர்?"

தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று பலகை, அட்டை, உறை, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"படுக்கையறையிலயா?" என்றாள் அந்தப் பெண். "குழாய் சொட்டினாலே எந்திரிச்சு உக்காந்துடுற மனுஷன்." பிறகு, யாரும் கேட்காமலே, "கண்ணாடிக் காம்பு வளைஞ்சுடுச்சு. அவர் கைபட்டாத்தான் சரியா உக்காரும், அதான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

தையல்காரி அதன்பின் ஒரு தையல் போடவில்லை.

வெகுநேரம் கழித்து இருவரும் ஆளுக்கொரு டயரை அணைத்துக்கொண்டு இறங்கினார்கள். அவள் கண்ணாடி நேராக உட்கார்ந்திருந்தது. காரருகே வந்ததும் அவர் நின்றார். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்ல டயர்தான்."

"போன வாரம் போட்டேன்."

அவர் எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று. அவள் டிக்கியைத் திறந்து, உறை கலையாமல் இரண்டையும் உள்ளே வைத்து மூடினாள். மற்ற இரண்டையும் கொண்டுவர அவர் படிப்பக்கம் திரும்பினார்.

"அது இங்கயே இருக்கட்டும்," என்றாள். "இப்ப இடம் பத்தாது."

அவர் சரியென்று தலையாட்டினார். தையல்காரி வாசலில் நின்றபடி காரின் கண்ணாடி வழியே பார்த்தாள். பின்சீட் நீளமாக, ஒரு கைப்பைகூட இல்லாமல், வெறுமனே கிடந்தது.