ஒன்பது நிமிடப் பொத்தான்

சங்கரேஸ்வரி மூன்றாவது தடவையாகச் சுவரிலிருந்த பொத்தானை அழுத்தியதும் ஐஸ் பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது. உள்ளே அப்பா நல்லகண்ணு, மூக்கில் பஞ்சோடு, இதில் தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாதவர் போலப் படுத்திருந்தார்.

"சும்மா சும்மா அணையுதே, இத விலக்கிவிட முடியுமான்னு பாருங்க அண்ணாச்சி."

எலக்ட்ரீஷியன் ஜெயசிங் கூடத்துச் சுவரிலிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வீட்டு லைன் மொத்தமும் இதுக்குள்ளதாம்மா போவுது. எது எதுக்குன்னு ஒரு சீட்டுகூட எழுதி வைக்கல. அறுத்துவிட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? அவரு வேலையில நான் கைவைக்க மாட்டேன்."

பெங்களூரில் முப்பது வருஷம் ரேடாருக்கு மைக்ரோவேவ் சர்க்யூட் செய்தவர் அப்பா. இரண்டு காப்புரிமைகளில் அவர் பெயர் இருக்கிறது. ஓய்வுபெற்று வந்ததும் தெரு அவரை 'அடுப்பு இன்ஜினியர்' ஆக்கிவிட்டது. ஓடாத மைக்ரோவேவ் அடுப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவரும் மறுப்புச் சொல்லாமல் சரிசெய்து கொடுத்தார்.

சுவரிலிருந்த இந்த இரும்புப் பெட்டி அதற்கும் முந்தியது. ப்ளஸ் டூ படிக்கும்போது சங்கரேஸ்வரி இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் டியூஷனுக்குப் போய், மெத்தை எரிந்துபோனது. அப்பா திட்டவில்லை. லீவு போட்டு வந்து, ஒரு வாரம் உட்கார்ந்து இதைச் செய்தார். கரண்டை அதிகமாக இழுக்கும் எதுவும் ஒன்பது நிமிஷம்தான் ஓடும். பிறகு பஸ்ஸர் அடிக்கும். யாராவது வந்து பொத்தானை அழுத்தினால் இன்னொரு ஒன்பது நிமிஷம்.

"பக்கத்துல ஆள் இல்லாம எதுவும் ஓடக் கூடாது மக்கா," என்றார் அன்று.

போன பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்திருந்தபோது, அப்பா "இங்கன வா. இத எப்படி விலக்குததுன்னு காட்டுதேன், அஞ்சு நிமிஷம்," என்று கூப்பிட்டார். அவள் போனைப் பார்த்தபடி, "பொறவு பாத்துக்கிடலாம்ப்பா," என்றாள்.

எதிர்வீட்டு மைமூனம்மாள், "எங்க வீட்டுலேர்ந்து ஒயர் இழுத்துக்கிடுங்க தாயி," என்றாள்.

தலைமாட்டில் இருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள். "வேண்டாம்மா. அவரு இந்த வீட்டுல இருக்கப்போறதே இன்னும் கொஞ்ச நேரம். அவரு லைன்லயே இருக்கட்டும்."

அதன்பிறகு சங்கரேஸ்வரி சுவர்ப் பெட்டியடியிலேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த அத்தை கட்டிப்பிடித்து அழுதபோது பஸ்ஸர் அடித்தது. விலக்கிக்கொண்டு ஓடினாள். "பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அழ ஆரம்பித்தால் ஒன்பது நிமிஷத்தில் முடிக்க முடியாது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? அப்பாமேல் ஆத்திரமாக வந்தது. தன்மேல் அதைவிட.

பன்னிரண்டு மணிக்குத் தம்பி மகாராஜன் போன் செய்தான். "பிளைட் லேட்டுக்கா. மதுரையில எறங்கவே ரெண்டு மணி ஆயிரும். அப்பா முகம் பாக்க முடியுமா?"

"முடியும்ல. நான் இங்கனதான் நிக்கேன்."

அவன் வந்து சேர ஐந்தாகிவிட்டது. அப்பாவின் முகம் மாறாமல் இருந்தது. கண்ணாடிமேல் கவிழ்ந்து அழுதான். அவன் முதுகுக்குப் பின்னால் பஸ்ஸர் அடித்தது, அவள் அழுத்தினாள். அதுதான் கடைசி. அடுத்தது அடிப்பதற்குள் பிளக்கைப் பிடுங்கி, அரைமணி நேரத்தில் தூக்கிவிட்டார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள்.

வீடு கழுவ மோட்டாரைப் போட்டார்கள். ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்த அம்மா, பஸ்ஸர் அடித்ததும் பழக்கத்தில் எழுந்தாள். அதற்குள் சங்கரேஸ்வரி போய் அழுத்திவிட்டிருந்தாள்.

தொட்டி நிரம்பி வழிந்தது. யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். "ஏட்டி, நீயும் போய்த் தலைக்கு ஊத்திக்கோ," என்றாள் அத்தை.

"வாரேன்," என்றாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.