வரத்துக்கால்

தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர். நீலமும் கறுப்புமாக, கரை தெரியாமல் கிடக்கும் தண்ணீர்.

கிட்டப் போகப் போக அது கண்ணாடியாகும். வரிசை வரிசையாகச் சாய்ந்து நின்று வெயிலை வாங்கிக்கொண்டிருக்கும் சூரியத் தகடுகள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிவந்த பேருந்துக்காகக் கேட் திறந்தது. முனீஸ்வரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அவள் ஊர்க்காரர்கள் மூன்று முறை மனுவோடு வந்து நின்ற கேட். மூன்று முறையும் திறக்காத கேட்.

அந்த வேலிக்குள்தான் அவள் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால் இருந்தது. மழைத் தண்ணீரைக் கண்மாய்க்குக் கூட்டிவரும் வாய்க்கால். தகடு நட நிலத்தைச் சமப்படுத்தியபோது அதையும் மூடிவிட்டார்கள். இரண்டு ஐப்பசி போயிற்று. மழை பெய்தது. கண்மாய் நிறையவில்லை.

"நாங்க போனா தொறக்க மாட்றாக. நீ உள்ள போற. நீ கேளு," என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

அறிவியல் எடுக்கும் ரூபாவதி டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்விச் சுற்றுலா என்றால் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விகளைத் தாமே சீட்டில் எழுதி மடித்துக் கொடுப்பார். அதிகாரிகள் முன்னால் வகுப்பு வாயடைத்து நிற்கக் கூடாது.

முனீஸ்வரிக்கு மட்டும் விலக்கு. அவள் கேள்வியை அவளே எழுதினாள். டீச்சர் அதைத் திருத்தினார். மூன்று நாள் சொல்ல வைத்தார். கடைசிக் கேள்வி உன்னுடையதுதான், நடுங்காமல் கேள் என்றார். சீட்டைத் தொலைத்துவிடுவாய் என்று தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். வகுப்பே அவளை வக்கீலம்மா என்று கூப்பிட்டது.

குளிரூட்டிய அறை. மஞ்சள் தலைக்கவசங்கள். சமோசா. கம்பெனி அதிகாரி வெயிலைப் பற்றிப் பேசினார். வெயில் தீராது என்றார். வெயில் யாருக்கும் கெடுதல் செய்யாது என்றார்.

சீட்டுகள் வந்தன. முனீஸ்வரி தன்னுடையதைப் பிரித்தாள்.

டீச்சரின் கையெழுத்து. அவள் எழுதிய கேள்வி அதில் இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரியை மட்டும்.

அவள் முறை வந்தது. எழுந்தாள். மூன்று நாள் சொல்லிப் பழகிய கேள்வி நாக்கில்தான் இருந்தது. ஆனால் கையில் இருந்ததை வாய் படித்தது. இங்கே தயாராகும் மின்சாரம் எத்தனை வீடுகளுக்குப் போகிறது, ஐயா?

நல்ல கேள்வி என்றார் அதிகாரி. கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

திரும்பும் வழியில் பின் இருக்கையிலிருந்து ஒரு குரல். "வக்கீலம்மா கட்சி மாறிட்டாகடி." பேருந்து சிரித்தது.

டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "நம்ம பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைகளுக்குக் கம்பெனிக்காரக பாத்ரூம் கட்டித் தர்றோம்னு சொல்லியிருக்காக. இன்னைக்கு நீ இதக் கேட்டா அது நடக்குமா, சொல்லு."

முனீஸ்வரி காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. பள்ளிக்கூட நாள் எதிலும் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. டீச்சர் சொன்னதில் பொய் இல்லை. அதனால் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா நிறுத்தத்தில் நின்றாள். மிளகாய்க் காட்டிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"என்ன சொன்னாக?"

"எம்புட்டு வீட்டுக்குக் கரண்டு போகுதுன்னு சொன்னாக."

"நம்ம கண்மாய்க்கு?"

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா மகளின் சாப்பாட்டுப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஐப்பசி பிறந்து பன்னிரண்டாம் நாள் மழை பிடித்தது. தண்ணீர் பழைய ஞாபகத்தில் வந்தது. வேலியோரம் இந்த வருடம் புதிதாகக் கொட்டிய மண்மேட்டில் முட்டியது. நின்றது. பள்ளிக்கூடச் சாலைக்குத் திரும்பியது.

காலையில் அந்தச் சாலையின் நடுவே ரூபாவதி டீச்சர் நின்றார். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் புடவைக் கொசுவம். முழங்கால் வரை தண்ணீர். அடுத்த அடி பள்ளமா மேடா என்று தெரியாமல் நின்றார்.

முனீஸ்வரியைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "எங்கேருந்துடி வருது இம்புட்டுத் தண்ணி?"

"எங்க கண்மாய்க்குப் போற தண்ணி, டீச்சர்."

அவள் குரல் நடுங்கவில்லை.

டீச்சர் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினார். முனீஸ்வரி பிடித்துக்கொண்டாள். மேடு பார்த்து ஒவ்வோர் அடியாகக் கூட்டிப்போனாள். கை கொடுத்தாள். முகம் கொடுக்கவில்லை.

மழை விடவில்லை. இருவர் கால்களையும் சுற்றிக்கொண்டு, கண்மாய்க்கு முதுகு காட்டியபடி, தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.