நடு ஆற்றில் ஒரு கார்டு

படகு கரையை விட்டு நகர்ந்த பிறகுதான் டாசியானாவுக்கு மூச்சே வந்தது.

மகள் இலிங்காவை இடுப்போடு அணைத்தபடி திரும்பிப் பார்த்தாள். படகுத்துறைச் சரிவு காலி. மேலே கரைமேட்டுச் சாலையிலும் நீல வேன் இல்லை. இன்னும் இல்லை.

வந்துவிடுவான். பஸ்ஸில் ரொக்கம் வாங்கவில்லை. வேறு வழியில்லாமல் கார்டைத் தொட்டிருந்தாள். ருமேனியாவில் இருவர் பேரிலும் உள்ள கணக்கு அது. அவள் ஒரு ரொட்டி வாங்கினாலும், தக்காளிப் பண்ணையில் நிற்கும் புருஷன் ரேலுவின் போன் 'டிங்' என்று காட்டிக் கொடுத்துவிடும். அந்த பஸ் கடைசியாக நிற்பது இந்தத் துறையில்தான் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன?

டச்சு நாட்டு மாஸ் ஆற்றின் அக்கரையில் கால் வைத்துவிட்டால் போதும். பெண்கள் காப்பகத்திலிருந்து மார்லீன் என்பவள் காரோடு வருகிறாள். காப்பகம் எந்த ஊரில் என்று டாசியானாவிடம்கூடச் சொல்லவில்லை. போன முறை ஓடியபோது ரேலு பிடித்துவிட்டான். அதன் அடையாளமாக அவளுடைய இடது மணிக்கட்டு இன்னும் கோணலாகத்தான் இருந்தது.

"டிக்கெட்டும்மா."

படகுக்காரர் ஹார்மன் கார்டு மெஷினோடு எதிரே நின்றார். படகில் வேறு பயணி என்று பார்த்தால், சைக்கிளைப் பிடித்தபடி நின்ற நரைத்த தலை டச்சுக்காரி ஒருத்தி மட்டும்.

டாசியானா ஐம்பது யூரோ நோட்டை நீட்டினாள்.

"இத வச்சு நான் மீனா புடிக்கறது?" ஹார்மன் சிரித்தார். "ரெண்டு தடவ கல்லாவ உடச்சிட்டுப் போயிட்டானுங்க. அதுலேந்து ரொக்கமே தொடறதில்ல. போர்டு பாக்கலியா? பின் மட்டும்."

பார்த்திருந்தாள். பின் என்றால் ரகசிய எண் போடும் கார்டு, அது நம்மிடமும் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் ஏறினாள். ரொக்கம் எடுபடாவிட்டால்தான் அதைத் தொடுவது என்று இருந்தாள். தொட்டால் இன்னொரு 'டிங்'. படகேறிவிட்டாள் என்று அவனுக்கு நிச்சயமாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு செருகினாள்.

மெஷினில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

"வெளிநாட்டுக் கார்டா?"

"ருமேனியா. ஆனா பஸ்ல எடுத்துச்சே, ஐயா!"

"பஸ் பெரிய வீட்டுப் புள்ள, எதப் போட்டாலும் திங்கும். நம்ம மெஷினுக்கு உள்ளூர்ச் சரக்குதான் செரிக்கும். இங்க 'பின்'னா நம்ம ஊர் பேங்க் கார்டுன்னு அர்த்தம்."

"நாலு நம்பர் இருக்கே..."

"நம்பர் இருந்தா ஆச்சா?" பெருமூச்சு விட்டார். "டிக்கெட் இல்லாதவங்கள அக்கரைல எறக்கக் கூடாதும்மா. திருப்பிக் கொண்டுபோய் விடணும். மேல கேமராவ வச்சுட்டு முதலாளி வீட்டுல உக்காந்து பாக்கறாரு."

அவர் சுக்கானை நோக்கி நடந்தார். அதே நொடி, பின்னால் ஹாரன் அலறியது.

சரிவில் நீல வேன்.

இலிங்கா அம்மாவின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டாசியானா கத்தினாள். டச்சு வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை, வந்ததெல்லாம் ருமேனிய மொழி.

சைக்கிள்காரி வேனைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். கோணல் மணிக்கட்டையும் பார்த்தாள்.

"ஹார்மன், இங்க வா. இவங்க ரெண்டு பேருக்கும் என் கார்டுல போடு."

"ஃபெம்கே, உனக்கு எதுக்கு ஊர் வம்பு?"

"வாய மூடிட்டு மெஷினக் குடு."

பச்சை விளக்கு எரிந்தது. டாசியானா அதே நோட்டை ஃபெம்கேவிடம் நீட்டினாள்.

"சில்லறைக்கு எங்க போவேன்? உன் போன் நம்பர் சொல்லு, பணம் கட்டற லிங்க் அனுப்பறேன். அப்பறமா போட்டுவிடு." சொல்லும்போதே டாசியானாவின் முகம் வெளுத்ததை ஃபெம்கே கவனித்துவிட்டாள். "சரி, வேணாம் விடு. காப்பிக் காசுக்குக்கூட லிங்க் அனுப்பற ஊரு இது. நான் சும்மா விட்டேன்னு வெளிய சொல்லிடாத, மானம் போயிடும்."

அக்கரை வந்தது. மார்லீனின் கார் வரவில்லை.

ஹாரன் விடாமல் அடித்தது. ஹார்மன் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "அந்த வேன ஏத்திட்டு வரணும்."

"வேணாம் ஐயா! அவன்தான்... அவன் எங்களக் கொன்னுடுவான்."

"கரைல நிக்கறவன ஏத்த மாட்டேன்னா என் வேல போயிடும்மா. ஃபெம்கே, போலீசுக்குப் போடு. ஆனா அவங்க வர்றதுக்குள்ள..." நிறுத்தினார். "அவன்கிட்ட என்ன கார்டு?"

"இதேதான். இதே பேங்க்."

ஹார்மன் கையிலிருந்த மெஷினைப் பார்த்தார். "டிக்கெட்ட நான் எப்பவும் நடு ஆத்துலதான் கேப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகில் ஏறிக்கொண்டார்.

துறைக் கொட்டகையின் பின்னால் மூவரும் ஒண்டினார்கள். ஃபெம்கே போனில் போலீசுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். டாசியானா பலகை இடுக்கு வழியே பார்த்தாள். அவர்கள் புறப்பட்ட கரையில் வேன் படகில் ஏறியது. அதன் பின்னால் சைக்கிளோடு ஒரு பெரியவரும் ஏறினார்.

ரேலு வெளியாட்களிடம் தேன் ஒழுகப் பேசுவான். 'பொண்டாட்டி புள்ளயப் பாக்கப் போறேன் சார், கார்டு எடுக்கல' என்றால் போதும். ஃபெம்கேவைப் போல ஒரு நல்ல மனசு அந்தப் படகில் இருந்துவிட்டால்? கடவுளே, அந்த மனுஷன் கல்நெஞ்சுக்காரனாக இருக்கட்டும். வாழ்க்கையில் முதல்முறையாக அப்படி வேண்டிக்கொண்டாள்.

நடு ஆறு. ஹார்மன் மெஷினை நீட்டினார். ரேலு செருகினான். மறுபடி செருகினான். நோட்டுகளை எடுத்து ஆட்டினான். பிறகு, அவள் பயந்தபடியே, பெரியவர் பக்கம் திரும்பி நெஞ்சில் கை வைத்துப் பேச ஆரம்பித்தான்.

பெரியவர் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். கார்டை எடுத்தார்.

டாசியானா இலிங்காவின் கண்ணைப் பொத்தினாள்.

பெரியவர் தன் டிக்கெட்டுக்கு மட்டும் கார்டைத் தட்டினார். பைக்குள் போட்டார். தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

படகின் முனை மெல்ல வளைந்தது. வந்த திசைக்கே திரும்பியது.

"கார் வந்தாச்சு, ஓடு!" ஃபெம்கே முதுகில் கைவைத்துத் தள்ளினாள். டாசியானா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மார்லீன் பின்கதவைத் திறந்துவைத்திருந்தாள்; இருவரும் ஏறியதுமே வண்டியை நகர்த்தினாள்.

கதவை மூடும்போது டாசியானா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ரேலு படகின் கம்பியருகே நின்றிருந்தான். கை மட்டும் உயர்ந்திருந்தது. கையில் போன், காரின் எண் பலகையை நோக்கி.

"படம் எடுக்கறான்!"

"எடுக்கட்டும்" என்றாள் மார்லீன், கண்ணாடியைப் பார்த்தபடி. "இது வாடக வண்டி. வழில மாத்திடுவோம். குனிஞ்சுக்கோ."

டாசியானா மகளின் மேல் கவிழ்ந்து படுத்தாள். எழுந்திருக்கலாம் என்று மார்லீன் பலமுறை சொன்ன பிறகும் எழவில்லை.