வடக்கே ஒரு கட்டம்

"முகம் தெளிவா தெரியற மாதிரி ஒரு படம் எடுத்துக்குடும்மா, பெருசு பண்ணணும்" என்று மாமா சொன்னதால்தான் அவள் அப்பாவின் கணினியைத் திறந்தாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

திரையில் போர்க்களம் வந்து நின்றது. இரண்டு வருடமாக அப்பாவும் மகளும் இணையத்தில் ஆடிவந்த யுத்த விளையாட்டு. முப்பது வருடம் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்த மெக்கானிக், டாங்கிப் படைப்பிரிவுகளையும் லாரி மாதிரியேதான் நடத்துவார். பின்னால் டீசல் வண்டி வராமல் ஒரு பிரிவைக்கூட நகர்த்த மாட்டார். "டீசல் இல்லாத டாங்கியில துணி காயப்போடுவியா?" என்று அவளைக் கிண்டலடிப்பார். அவள் அவசரக்காரி. ஆறு வாரத்துக்கு முன் மூன்று பிரிவுகளைக் கண்மண் தெரியாமல் முன்னால் ஓட்டி, அவருடைய வளையத்துக்குள் மாட்டிக்கொண்டாள்.

தோற்கப் பிடிக்கவில்லை. அதனால் தன் முறையை ஆடவே இல்லை. கேட்பாரே என்று அவர் போனையும் எடுக்கவில்லை. 'வேலை ஜாஸ்திப்பா' என்று ஒரு வரி அனுப்பியதோடு சரி. இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

ஏழு நாளில் ஆடாவிட்டால் எதிராளியிடம் திரை கேட்கும்: வெற்றியை எடுத்துக்கொள்கிறீர்களா, இன்னும் ஒரு வாரம் தருகிறீர்களா? ஓரத்தில் அதற்கான குறிப்பு இருந்தது. 'ஒரு வாரம் தரப்பட்டது.' ஆறு தடவை. கடைசித் தடவை நேற்றுக் காலை.

அம்மா வந்து பின்னால் நின்றாள்.

"நேத்துக்கூட அமுக்கினாரு. ஜெயிச்சுத் தொலைங்களேன், அவ பேசவாவது பேசுவான்னேன். 'வழி விட்டிருக்கேன், அவ இன்னும் பாக்கலை'ன்னாரு."

அவள் குனிந்து பார்த்தாள். அன்று வளையத்தைக் கண்டதுமே ஆத்திரத்தில் மூடிவிட்டிருந்தாள். வடக்கே ஒரே ஒரு கட்டம் காலி. அங்கே நின்ற தன் பிரிவை அப்பா பின்னுக்கு இழுத்திருந்தார். அந்தக் கட்டத்தில் ஓர் எண்ணெய்க் கிடங்கு, காவலே இல்லாமல். அவளுடைய டாங்கிகளில் அதுவரை போக எண்ணெய் இருந்தது.

"படம் கெடைச்சுதாம்மா?" என்றார் மாமா, கூடத்திலிருந்து.

"இதோ மாமா."

கைபேசியில் தன் ஆட்டத்தைத் திறந்தாள். மூன்று பிரிவுகளையும் ஒவ்வொன்றாக வடக்கே நகர்த்தினாள். அப்பாவின் கணினி சின்னதாக ஒரு மணி அடித்தது. 'உங்கள் முறை' என்று அதில் வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எட்டாம் நாள் காலை, அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கைபேசி கேட்டது, வெற்றியை எடுத்துக்கொள்கிறீர்களா என்று. வாயைக் கொப்பளித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, 'ஒரு வாரம்' என்பதை அமுக்கினாள்.