பீரோவை நடுப்படியில் விடாதே

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கணினி மக்கர் பண்ணியதால் பிறந்த கதை இது. விண்டோஸுக்காகச் செய்த ஒரு விளையாட்டை லினக்ஸ் என்கிற வேறொரு இயங்குதளத்தில் ஓட வைக்கப் பார்த்தேன். மசியவில்லை. கை சும்மா இருக்குமா? எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் வரி இப்படி வந்தது:

"ஒளிரும் திரையின் முன் அந்தப் பெண் சிலையாக..."

ஐயே! சிலையாவது ஒன்றாவது. ஒரு காலை மடக்கி நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

2

அவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி. நாம் அக்கா என்போம், ஏனென்றால் கதையில் ஒரு தம்பி வருகிறான். அம்மா சொல்லச் சொல்லக் கேட்காமல் வேறு ஊருக்கு வேலைக்குப் போனவன். அன்றிலிருந்து அம்மா அவனோடு பேசுவதில்லை. அவனும் அவள் பெற்ற பிள்ளைதானே, அவனும் பேசுவதில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி, நடுவில் அக்கா.

ஞாயிறுதோறும் அக்காவும் தம்பியும் இணையத்தில் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பீரோவை மாடிக்குத் தூக்க வேண்டும். அவ்வளவுதான். ஒருவர் பிடியை விட்டால் பீரோ உருண்டு வாசலுக்கு வந்துவிடும். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தூக்கியபடியே ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். அக்கா கணினியை லினக்ஸுக்கு மாற்றியதும் அது நின்றுபோனது. போன வாரம் தம்பி கேட்டான்: "உனக்கும் என்கூடப் பேசப் பிடிக்கலையா? நேரா சொல்லிடுக்கா."

அந்தக் கேள்வி அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. இன்றும் ஓடாவிட்டால், அவனுக்கும் இந்த வீட்டுக்கும் இருக்கிற கடைசி ஒட்டும் விட்டுப்போகும் என்று பயந்தாள்.

3

வைன், புரோட்டான் என்று இதற்குக் கருவிகள் உண்டு. விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி சொல்லி, காரியத்தை முடித்துக்கொடுக்கும். அக்கா புரோட்டானின் புதிய பதிப்பைப் போட்டாள். பழையதைப் போட்டாள். எவனோ இணைய மன்றத்தில் எழுதியிருந்த மந்திர வரியையும் ஒட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வரிகள் மளமளவென்று கொட்டின;* விளையாட்டைத்தான் காணோம். "போய்த் தொலை!" என்று நிறுத்திவிட்டு அடுத்த வைத்தியத்துக்குப் போவாள்.

நிறுத்தும்போதெல்லாம் ஹாலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "சே! மறுபடியும் போச்சே!"

டிவியில் கோளாறு என்று அக்கா நினைத்தாள். (நீங்களும் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம்தான்.)

*விளையாட்டு ஜோராக ஓடும்போதும் அந்த வரிகள் புலம்பிக்கொண்டேதான் இருக்கும். அக்காவுக்கு இது தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டாள்.

4

இந்த இடத்தில் அவள் கணவனைக் கூட்டிவந்து நக்கலடிக்க விட்டேன். அவன் வாயைத் திறந்ததும் கதை கொட்டாவி விட்டது. காய்கறி வாங்க அனுப்பிவிட்டேன். இன்னும் திரும்பவில்லை.

போன் அடித்தது. தம்பி.

"அக்கா! பீரோவை நடுப்படியில விட்டுட்டு விட்டுட்டு எங்க ஓடுற?"

"என்னது?"

"ஆனா இன்னைக்கு என்னமா தூக்குற! நான் வழுக்கினாக்கூட நீ பிடியை விடல. சீக்கிரம் வாக்கா, காத்துக்கிட்டிருக்கேன்."

அக்கா மெல்லக் கணினியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். நேற்றுப் படம் பார்ப்பதற்காக ஹால் டிவிக்கு இழுத்த கேபிள் அப்படியே செருகியிருந்தது. விளையாட்டு முதல் தடவையே ஓடியிருக்கிறது. டிவியில்! ஓடியதை ஓடியதை இவளே கொன்றிருக்கிறாள்.

சத்தமில்லாமல் மறுபடி தொடங்கிவிட்டு, தன் பக்கச் சத்தம் தம்பிக்குக் கேட்காதபடி மியூட் போட்ட போனைக் காதில் வைத்தபடி ஹாலுக்கு ஓடினாள்.

5

அம்மா சோபாவின் நுனியில் இருந்தாள். சோபாவில் கிடந்த அக்காவின் வயர்லெஸ் விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி இப்போது அவள் இரண்டு கையிலும்.

(கூடத் தூக்குகிறவனின் தலைக்கு மேல் தம்பி பெயர் இருக்குமே என்பீர்கள். அதற்காகத்தான் அக்காவுக்குக் கடை வைத்துக்கொடுத்தேன். அம்மாவின் கண்ணாடி அங்கே ரிப்பேருக்குக் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் வேலை எந்தக் கடையில் உடனே முடிந்திருக்கிறது?)

"வாடி, வந்து பாரு! டிவியில பீரோ தூக்கச் சொல்றாங்க. எதைத் தட்டினேனோ, நானும் உள்ள போயிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பையன், தங்கம்! நான் தடுமாறினா நின்னு நிதானிச்சுத் தூக்குறான். யாரு பெத்த பிள்ளையோ!"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடைசி வளைவு, நிதானமா..." என்றான் தம்பி காதுக்குள்.

"நிதானமா வாப்பா," என்றாள் அம்மா டிவியைப் பார்த்து.

6

முடிவு எழுத உட்கார்ந்தேன். அக்கா உண்மையைச் சொல்கிறாள், அம்மா கருவியைத் தூக்கி எறிகிறாள், பீரோ தடதடவென்று... வேண்டாம், மனசு வரவில்லை.

இன்னொரு முடிவு: அந்தப் பையன் தம்பிதான் என்று அம்மாவுக்கு முதல் படியிலேயே தெரியும். வீடு மாறிய அன்று அசல் பீரோவை அவனும் அவளும் இப்படித்தான் தூக்கினார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் என்ன? இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

அக்காவின் கட்டைவிரல் போனின் ஸ்பீக்கர் பொத்தான்மேல் நிற்கிறது. அழுத்தினால் தம்பியின் குரல் ஹால் முழுக்கக் கேட்கும். நான் கையை எடுத்துவிட்டேன். இனி அந்தக் கட்டைவிரல் உங்களுடையது. அவசரமில்லை, யோசியுங்கள். இன்னும் ஒரு படி பாக்கி, இரண்டு பேரும் பிடியை விடவில்லை.