பழுப்பனுக்குக் காவல்

டார்லிங் ஆற்றுக்கு மேற்கே, டூகலின் பண்ணையில் ஆட்டுமயிர் கத்தரிக்கும் வாரம். கம்பளியைப் பொதியாக அழுத்திக் கட்டுவது என் வேலை. காலை ஒன்பது மணிக்கு என் இயந்திரத்துக்கு அடியில் பழுப்பன் ஒன்று நுழைந்தது. ஆள் உயர விஷப்பாம்பு. ஆறு கத்தரிகளும் நின்றன. வெளியே பட்டியில் நானூறு ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன.

பாம்பு பிடிக்கிற கிளெனிஸ் போனில் சொன்னாள்: "வர ரெண்டு மணி நேரம் ஆகும். யாரும் கிட்டப் போகாதீங்க. ஒரே ஒரு ஆள் தள்ளி நின்னு, கண்ணெடுக்காம பார்த்துக்கிட்டே இருக்கணும். எங்க போச்சுன்னு தெரியலன்னா நான் வந்தும் பிரயோஜனமில்ல."

டூகல் காவலுக்கு நெவிலைப் போட்டான். நெவில் கொட்டகை கூட்டுகிறவன். அவன் தம்பி பழுப்பன் கடித்துச் செத்தவன். அது தெரிந்துதான் போட்டான்.

"ஏண்டா நெவில், உன் வீட்டுச் சொந்தம் வந்திருக்கு. நலம் விசாரிக்க மாட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். நெவில் ஒரு பொதியின் மேல் ஏறி உட்கார்ந்தான். கண்ணில் வழிந்த வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

ஒரு மணி நேரம் போனதும் டூகல் மண்வெட்டியை எடுத்தான்.

"ஒரு புழுவுக்காக ஆறு ஆம்பளைங்க சும்மா உக்காந்திருக்கணுமா?"

மூன்று வெட்டு. தலை தனியே விழுந்தது. உடலைத் தரைப்பலகை இடுக்கில் தள்ளினான். பாம்பைக் கொன்றால் அபராதம்.

"அவ கேட்டா ஓடிப்போச்சுன்னு சொல்லுங்க. எவனாவது வாயத் தொறந்தான், நாளைக்கு அவனுக்கு வேலை இல்ல."

தலையை மண்வெட்டி நுனியால் அள்ளி நெவிலின் தொப்பிக்குள் போட்டு நீட்டினான். "வெயில் ஏறுது, மாட்டிக்க ராசா."

நெவில் வாங்கி உள்ளே பார்த்தான். தொப்பி கையிலிருந்து விழுந்தது. அவன் கால்சட்டை நனைந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குமுன் வாசலில் புழுதி எழுந்தது. கிளெனிஸின் வண்டி, சொன்னதற்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே. டூகல் பாய்ந்து தொப்பிக்குள் கைவிட்டுத் தலையை அள்ளிச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

"சனியன், முள்ளு," என்று கையை உதறினான்.

எங்கள் கம்பளி முழுக்க முள்தான். ஒரு நாளைக்கு இருபது தடவை குத்தும், யாரும் கவனிப்பதில்லை. அவன் கட்டைவிரலில் ஒரு பொட்டு ரத்தம். முள்தான் என்று நானும் சொல்லிக்கொண்டேன். நெவில் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளெனிஸ் கொக்கியும் பையுமாக வந்தாள். மண்வெட்டியைப் பார்த்தாள்.

"எங்க?"

"ஓடிப்போச்சு," என்றான் டூகல்.

"யாரையாவது கடிச்சுதா? பழுப்பன் கடிச்சா வலிக்கவே வலிக்காது. வெட்டின தலைகூடக் கடிக்கும். சந்தேகம்னா இப்பவே சொல்லுங்க, கட்டுத்துணி வண்டியில இருக்கு."

டூகல் கையைச் சட்டைப் பைக்குள் விடப் போனவன், விடாமல் தொங்கப்போட்டான். "எங்க தோலுல அதோட பல்லு இறங்காது."

அவள் நெவிலிடம் திரும்பினாள். "நீதானே காவல்? என்ன பார்த்த?"

நெவில் டூகலின் விரலைப் பார்த்தான். பிறகு முகத்தை.

"ஓடிப்போச்சு," என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பொதியின் வாயைத் தைத்தேன். நாளைக்கும் எனக்கு வேலை வேண்டும்.

அவள் வண்டிப் புழுதி அடங்கிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. டூகல் பட்டிக் கதவைப் பிடித்தபடி வாந்தியெடுத்தான். அப்படியே சரிந்தான். நாக்கு குழறியது. ஆஸ்பத்திரி நூற்று நாற்பது கிலோமீட்டர். நான் சட்டையைக் கிழித்து அவன் கையை விரலிலிருந்து இறுக்கிச் சுற்றினேன்.

"நெவில், ஓடிப் போய் போன் பண்ணுடா!"

நெவில் பொதியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தான். முழங்கால் மேல் கை.

"நீ போ," என்றான். "கண்ணெடுக்காம பார்த்துக்கிட்டு இருக்கத்தானே என்கிட்ட சொன்னாங்க."